இலக்கறிந்து சேரும் மருந்து: கடல்மட்டி ஓடு வரை ஒரு வரலாறு

புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றை நாம் மருந்துகளின் வரலாறாகவே படித்து வந்துள்ளோம். அம்மருந்தை உரிய இடத்தில் சேர்ப்பிக்க மாந்தர் பட்ட பாடும் அவ்வரலாற்றின் சரிபாதியாகும்.

நோயை மட்டும் தாக்கி உடலை விட்டுவைக்கும் மருந்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக் 'மாயத் தோட்டா' என்று உருவகித்தார். ஆனால் பின்னர்க் கிடைத்த மருந்துகள் அத்தகையனவாய் இல்லை. மண்வாழ் நுண்ணுயிரின் வழிவந்த டாக்சோரூபிசின் புற்றணுக்களை அழித்தது. உடன் முடியையும் உதிர்த்தது, இதயத்தையும் நலிவித்தது. எனவே ஒருவருக்குச் செலுத்தத்தக்க மொத்த அளவுக்கு மருத்துவர்கள் வரம்பு கட்டினர்.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. சிலவகைக் கொழுப்புகள் நீரில் தாமே வளைந்து மூடி நுண்குமிழ்களாவதை 1960களில் ஆங்கிலேய அறிஞர் அலெக் பாங்கம் கண்டார். அக்குமிழ்களை மருந்தேந்திகளாக்கும் முயற்சி 1971இல் தொடங்கிற்று. புற்றுக்கட்டியின் குருதி நாளங்கள் கசிவுடையன. அவ்வழி நுழையும் பெருந்துகள்கள் கட்டியிலேயே தங்கும் என்று 1986இல் ஜப்பானியர் மட்சுமுராவும் மாயேடாவும் விளக்கினர். 1995இல், கொழுப்புக் குமிழில் அடைத்த டாக்சோரூபிசின் 'டாக்சில்' என்னும் பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் துகள் தலைமுடித் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இதயத்திற்கு நேர்ந்த கேடு குறைந்தது. ஆயினும் உள்ளங்கையும் உள்ளங்காலும் புண்ணாகும் புதிய தொல்லை தோன்றிற்று.

இவ்வரலாற்றின் ஓர் ஏடு நம் சிலாங்கூரிலும் எழுதப்பட்டுள்ளது. பந்திங்கில் வாழும் நாம் நன்கறிந்த கெராங் மட்டியைச் சார் குவே தியோவில் உண்டு, ஓட்டை எறிந்துவிடுகிறோம். அவ்வோடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை நானோ துகள்களாக்கி, டாக்சோரூபிசினை ஏற்றினர். குருதியில் அத்துகள் பெரிதும் கரையாதிருக்கும். புற்றுக்கட்டியைச் சூழ்ந்த சற்றே அமிலமான இடத்தில் கரைந்து மருந்தை விடுவிக்கும். சுண்ணாம்புக்கல்லின் மீது எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்குமே, அதே வேதியியல்தான் இது. உயிரணுக்களிலும் விலங்குகளிலும் இதனை அவர்கள் ஆய்ந்துள்ளனர். மனிதருக்கான மருந்தாவதற்குக் கடக்கவேண்டிய படிகள் இன்னும் பல.

அத்தொலைவை மறைத்தல் தகாது. அதற்கு முந்திய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கனடா நாட்டு அறிஞர்கள் கணித்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது இடைநிலை அளவாக 0.7 விழுக்காடே. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பற்றிக்கொள்கின்றன.

ஆசிரியர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். எறிந்த ஓட்டிலும் ஆய்வுக்குப் பொருள் உண்டு என்பது மாணவர்க்கு ஊக்கம் தரும். 'நானோ' என்று எழுதிய புட்டியை நம்பி, மார்பில் கட்டி கண்ட தாயொருத்தி மருத்துவமனைக்குச் செல்லும் நாளைத் தள்ளிப்போடாதிருக்க, அந்த 0.7 என்னும் எண் உதவும்.