கெடாத் தோட்டங்களில் கங்காணியும் தொண்டர் படையும்

மலாயாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிந்த ரப்பர் தோட்டங்களில், துரை எனப்பட்ட ஐரோப்பிய மேலாளருக்கும் பால்வெட்டுத் தொழிலாளருக்கும் இடையே, கணக்கெழுதும் கிராணியும், தமிழகத்திலிருந்த தன் ஊர்ப்புறத்தில் ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணியும் நின்றனர். விடியுமுன் நடக்கும் பெரட்டில், அதாவது ஆள்கணக்கெடுப்பில், வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொருவருக்காகவும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், அவருடைய அக்கறை தொழிலாளரின் நலத்தைவிட வருகையிலேயே குவிந்தது. உறவும் கடனும் சாதியும் அந்த அதிகாரத்துக்கு முட்டுக்கொடுத்தன. 1938இல் இந்திய அரசு, பயணச்செலவு உதவிபெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபின் கங்காணியின் இந்தப் பிடி தளர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பீடோங் அருகேயுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையிலான தொண்டர் படை வேறுவகைத் தலைமையைக் காட்டியது. கள்ளுக்கடை எதிர்ப்பையும் அணிவகுப்பு ஒழுங்கையும் இணைத்த அப்படை, துரையின் ஆணையால் அன்றித் தொழிலாளரின் ஒப்புதலால் இயங்கியது, அவ்வொப்புதலில் கட்டாயத்தின் சாயல் அறவே இல்லை எனச் சொல்ல முடியாவிட்டாலும். 1947இல் காவல்துறையுடன் மோதல்கள் மூண்டு, கைதுகளால் அது ஒடுக்கப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு பேரம்பேசும் பொறுப்பு, 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமும் அதன் பொதுச்செயலாளர் பி. பி. நாராயணனிடமும் சென்றது.