ஏழு நாள் கடல்வழியும் இரண்டு தீவுகளும்

பெங்களூரில் கடல் இல்லை. ஆயினும் இந்நகரத்து நாளிதழ்களுக்குள் செருகப்பட்டு வரும் துண்டறிக்கைகளில் இப்போதெல்லாம் கடல் அடிக்கடி தென்படுகிறது. அண்மையில் வந்த ஒன்று, ஏழு நாள் சொகுசுக் கப்பலில் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என வரலாற்றுப் புகழ் வாய்ந்த கரையோர நகரங்களையும் தீவுகளையும் காண வருமாறு அழைத்தது. தமிழரின் புலம்பெயர்வைப் பயின்றுவரும் எனக்கு அந்தப் பெயர்வரிசை புதிதன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இதே துறைகளை நோக்கி, ஏறத்தாழ இதே நாள்கணக்கில், வேறொரு கப்பல் சென்றுவந்தது. அக்கப்பலைப் பற்றியும், அத்துண்டறிக்கை சொல்லாமல் விட்ட இரண்டு தீவுகளைப் பற்றியும் சில குறிப்புகளை இங்கே வைக்கிறேன்.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது ‘ரஜூலா’. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு, வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறை (இன்றைய கிள்ளான்), சிங்கப்பூர் என்று அது சென்றது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணியரை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறைகளில் பயணம் செய்தோர் சில நூற்றுவர்க்கும் குறைவு. ஏனையோர்க்குக் கப்பலின் தளமே படுக்கை, அடுக்களை, கூடம் எல்லாம்.

இக்கடல்வழி ரஜூலாவுக்கு மிகவும் முந்தியது. ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலத்தை வழங்கியது இதே நாகையில்தான். அவன் மகன் இராஜேந்திரனின் படை 1025ஆம் ஆண்டளவில் சென்றடைந்த கடாரம், பினாங்குக்கு வடக்கே எதிர்க்கரையில் உள்ள கெடா. பிற்காலத்தில் தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் நாகூர் ஆண்டவரின் நினைவைத் தம்மோடு கொண்டுசென்றனர். பினாங்கில் ஒன்றும், சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த மற்றொன்றுமாக, நாகூர் தர்காவின் பெயரில் இரண்டு நினைவிடங்கள் இன்றும் நிற்கின்றன. புறப்பட்ட ஊரின் அடையாளத்தைச் சேர்ந்த ஊரிலும் நாட்டிக்கொள்ளும் வழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சுற்றுலாக் கையேடுகளும் பாடநூல்களும் இதுவரை வந்து நின்றுவிடுகின்றன. சோழர் கடற்படையும் வணிகரின் பள்ளிவாசலும் பெருமைக்கு உரியன; ஆகவே எளிதில் சொல்லப்படுகின்றன. ஆனால் ரஜூலாவின் தளத்தில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் கங்காணிகளால் திரட்டப்பட்டு, ஆவடி அல்லது நாகப்பட்டின முகாமில் தங்கவைக்கப்பட்டு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட தொழிலாளர்கள். தொழிலாளர்க்கான உதவிப் பயணத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரை இந்நிலை தொடர்ந்தது.

அவர்கள் முதலில் இறங்கிய இடம் நகரம் அன்று, தீவு. பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான் தீவிலும் 1870களிலேயே தொற்றுநோய்த் தடுப்பு முகாம்கள் அமைந்துவிட்டன. காலரா, பெரியம்மை அச்சத்தின் பெயரால் தளப் பயணியர் அங்கே இறக்கப்பட்டுக் குளிப்பாட்டப்பட்டனர். அவர்களின் துணிமணிகள் ஆவியில் வேகவைக்கப்பட்டன. நாள்கணக்கில் காவலில் வைக்கப்பட்டனர். மேல்வகுப்பில் வந்தவர்களோ பெரும்பாலும் நேரே நகரத்துத் துறையில் இறங்கினர். ஒரே கப்பல், ஒரே காற்று, ஒரே தண்ணீர். ஆனால் நோய் எங்கே இருக்கும் என்பதைப் பயணச்சீட்டின் வகுப்பு தீர்மானித்தது. மருத்துவ வரலாற்றையும் தொழிலாளர் வரலாற்றையும் தனித்தனியே பயில்வோர் இவ்விடத்தில் ஒருவரையொருவர் சந்தித்தே ஆக வேண்டும்.

பின்னாளில் அத்தீவுகளின் பயன் மாறியது, காவல் மாறவில்லை. செயின்ட் ஜான் தீவு அரசியல் கைதிகளின் சிறையாகவும், அபினிப் பழக்கத்தினின்று மீட்கும் நிலையமாகவும் இருந்து, 1970களில் விடுமுறைத் தலமாயிற்று. ஜெரஜாக் 1969 முதல் 1993 வரை சிறைத் தீவாக இருந்தது. பிறகு அங்கே உல்லாச விடுதி எழுந்தது. இன்று ஒருவர் படகுச் சீட்டு வாங்கி மகிழ்ச்சியாகச் சென்று திரும்பலாம். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் ஜார்ஜ் டவுனை 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த உலகம், அந்நகரத்தின் உழைப்பாளர்கள் கடந்துவந்த வாயிலையும் மரபுரிமை என்று எண்ணுகிறதா என்பதே என் வினா.

இவ்வரலாற்றை எழுதுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அக்கால ஆங்கில நாளிதழ்கள் அறைப் பயணியரின் பெயர்களை அச்சிட்டன. தளப் பயணியர் அறிக்கைகளில் வெறும் எண்ணிக்கையாகவே வருகின்றனர். ஆவணக் காப்பகத்தில் எத்தனை ஆண்டுகள் அமர்ந்தாலும் அந்த எண்களுக்குள்ளிருந்து ஒரு குரல் எழாது. குரல் வேறிடத்தில் உள்ளது. ரஜூலா 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பின் அவ்வழியில் சென்ற ‘சிதம்பரம்’ கப்பல், 1985இல் நடுக்கடலில் நேர்ந்த தீவிபத்தோடு தன் பயணத்தை முடித்துக்கொண்டது. எனவே இக்கப்பல்களில் குழந்தைகளாகவும் இளைஞர்களாகவும் வந்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆனால் பலர் எழுபதைக் கடந்தவர்கள். தஞ்சை, நாகை, இராமநாதபுரத்தில் மட்டுமல்லாமல், மலாயாவிலிருந்து திரும்பிப் பிழைப்புத் தேடி நகரங்களில் குடியேறிய குடும்பங்களிலும் அவர்களைத் தேடலாம்.

ஆதலால் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்: எந்தத் துறையில் ஏறினீர்கள்? தளத்தில் அருகே யார் இருந்தார்கள்? முதலில் எங்கே இறக்கப்பட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கான விடையில் நாம் இன்னும் எழுதாத வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நெடுநாள் காத்திருக்க மாட்டார்கள்.