வெப்பத்தைத் தாங்குவது யார்? செயற்கைப் புல் பின்வளவுக்கு வந்த கதை

அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா, கலிபோர்னியா மாநிலங்களில் வீட்டுப் பின்வளவில் ஒரு சின்ன விளையாட்டுத் திடல் போட்டுக்கொள்வது இப்போது சாதாரண விசயம். மண்ணைத் தோண்டி எடுத்து, உடைத்த கல்லைப் படை படையாக இறுக்கி, தண்ணீர் வடிய ஒரு சின்னச் சரிவு வைத்து, அதற்கு மேல் பிளாஸ்ரிக் புல்லைப் பாய் மாதிரி விரிக்கிறார்கள். பொருத்துகளை ஒட்டி, இழைகளுக்கு இடையில் மணலைத் தூவித் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது விற்கப்படும் புல்லில் கூடுதலாக ஒரு சொல்லும் ஒட்டியிருக்கிறது: 'வெப்பம் தாங்கும்'. இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது என்று தேடிப் போனால் அறுபது வருசத்துக் கதை ஒன்று கிடைக்கிறது.

செயற்கைப் புல் முதலில் வசதியானவர்களின் வளவுக்காக யோசிக்கப்பட்டதல்ல. 1950களில் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமில்லை, உடல் பலமில்லை என்ற கவலை அமெரிக்காவில் பரவியது. போர்ட் அறக்கட்டளை 1958இல் உருவாக்கிய கல்வி வசதிகள் ஆய்வு நிறுவனம், நகரப் பாடசாலைகளுக்கு ஏற்ற, தேயாத ஒரு விளையாட்டுத் தரையைத் தேடியது. மொன்சான்ரோவின் துணை நிறுவனமான கெம்ஸ்ட்ராண்ட் நைலோன் இழையில் அதைச் செய்து, 'கெம்கிராஸ்' என்று பெயர் வைத்தது. 1964இல் றோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், மோசஸ் பிறவுன் பாடசாலையில் அது முதன்முதலாகப் பெரிய அளவில் விரிக்கப்பட்டது.

ஆனால் உலகத்துக்குத் தெரியவந்தது வேறு வழியால். 1965இல் ஹூஸ்டனில் அஸ்ட்ரோடோம் திறந்தார்கள். கூரை போட்ட பேஸ்போல் அரங்கு. வெளிச்சம் வரக் கூரையில் ஒளி ஊடுருவும் தகடுகள், கீழே உண்மையான புல். பகல் ஆட்டத்தில் கூரையின் கூச்சத்தால் உயரப் போன பந்து வீரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. சரி எண்டு தகடுகளுக்குப் பெயின்ற் அடித்தார்கள். வெளிச்சம் இல்லாமல் புல் செத்தது. செத்த புல்லுக்குப் பச்சை நிறம் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். 1966இல் கெம்கிராஸ் வந்தது. அரங்கின் பெயரோடு சேர்ந்து 'அஸ்ட்ரோடர்ஃப்' ஆனது.

கூரைக்குக் கீழே இருந்த வரைக்கும் சூடு பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. புல் வெளியில் வந்த பிறகுதான் வெயில் தன் வேலையைக் காட்டியது. உயிருள்ள புல் தன்னிடமிருக்கும் நீரை ஆவியாக விட்டுத் தன்னைத் தானே குளிர்த்திக்கொள்ளும். பிளாஸ்ரிக்குக்கு அந்த வசதி இல்லை. 1990களில் வந்த நீண்ட இழைப் புல்லில், பழைய ரயரை அரைத்த கறுப்பு றப்பர் மணிகளை நிரப்பினார்கள். விழுந்தால் மெத்தென்று இருக்கும், உண்மைதான். ஆனால் கறுப்பு வெயிலைக் குடிக்கும்.

2002இல் யூட்டாவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இதை அளந்தார்கள். பகல் முழுவதுக்குமான சராசரியில் இயற்கைப் புல் 26 பாகை செல்சியஸ், தார்த் தரை 43, செயற்கைப் புல் 47. காற்று 37 பாகையாக இருந்த ஒரு நாளில் புல்லின் மேற்பரப்பு 93 பாகையைத் தொட்டது. தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள்: 79இல் இருந்து 29க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49க்கு ஏறியது, இருபது நிமிடத்தில் 73.

இந்த அளவுகள் வந்த பிறகும் பின்வளவுகளில் பிளாஸ்ரிக் புல் கூடித்தான் போனது. காரணம் தண்ணீர்த் தட்டுப்பாடு. 2015 வறட்சியில் கலிபோர்னியா நகரங்களின் நீர்ப் பாவனையை 25 வீதம் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதே வருசம், வீட்டுரிமையாளர் சங்கங்கள் செயற்கைப் புல்லைத் தடுக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. எட்டு வருசம் கழித்து, 2023இல், விரும்பினால் உள்ளூராட்சி அமைப்புகள் அதைத் தடைசெய்யலாம் என்று அதே மாநிலம் சட்டத்தை மாற்றியது. அந்த யூலையில்தான் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரம் தொடர்ந்து 31 நாட்கள் 43 பாகைக்கு மேல் கொதித்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட புல், விளையாடுவதற்கு முன்னம் தண்ணீர் கேட்கிறது.

இந்த இடத்தில்தான் 'வெப்பம் தாங்கும்' புல் வருகிறது. வெயிலின் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் நிறமி, கறுப்பு றப்பருக்குப் பதிலாக வெளிர் நிற மணல், ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாக விடும் நிரப்பி. இவை சூட்டைக் குறைக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஈரம் பிடிக்கும் நிரப்பிக்கும் யாராவது ஈரம் கொடுக்க வேண்டும். அதோடு அந்தச் சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இழை உருகாமல், நிறம் மங்காமல் இருப்பதையும் 'தாங்கும்' என்றுதான் சொல்வார்கள். அதன்மேல் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை தாங்குமா என்பது வேறு கேள்வி. விற்பவரிடம் கேட்க வேண்டியது, உச்சி வெயிலில் மேற்பரப்பு எத்தனை பாகை என்பதைத்தான். நிழல் இல்லாத திடலுக்கு எந்த நிறமியும் முழு மருந்தாகாது.

எங்களை யோசிக்க வைப்பது இன்னொன்று. இடமில்லாத நகரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தேடல், இடமிருக்கும் வீட்டின் வேலிக்குள் போய் முடிந்திருக்கிறது. கொழும்பிலும் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் ஃபுட்சால் திடல்களில் இதே பிளாஸ்ரிக் புல்தான். காசு சேர்க்கக்கூடியவர்கள் விளையாடுகிறார்கள். 1958இல் கேட்ட கேள்வி, பிள்ளைகள் எல்லோரும் எங்கே விளையாடுவது என்பது. அதற்கு நாங்கள் கேட்கும் பதில் ஊருக்குப் பொதுவான ஒரு மைதானமும், அதன் ஓரத்தில் நாலு மரமும். மரம் வளரப் பத்துப் பதினைந்து வருசம் எடுக்கும். இப்பவே நட்டால்தான் உண்டு.