வீட்டில் ஜீன்ஸ் தைப்பதற்கான கருவிகள்

ஜீன்ஸ் தையல் கருவிகள் என்பவை, டெனிம் எனப்படும் தடித்த பருத்தித் துணியை வெட்டி, இணைத்து, உலோகப் பொருத்துகள் இட்டு, ஜீன்ஸ் காற்சட்டையாக ஆக்குவதற்குப் பயன்படும் கருவிகள் ஆகும். ஆடைத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ ஒவ்வொரு தையலுக்கும் தனி இயந்திரம் உண்டு. ஆயினும், வீட்டிலுள்ள ஒரு சாதாரணத் தையல் இயந்திரம், தகுந்த ஊசி, நூல் மற்றும் சில கைக்கருவிகளைக் கொண்டே முழுமையான ஜீன்ஸ் ஒன்றைத் தைக்க இயலும்.

வரலாறு

ஜீன்சின் தொடக்கம் ஒரு தையற்கடையில் அமைந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைச் சேர்ந்த தையற்காரர் ஜேக்கப் டேவிசு, தொழிலாளர்களின் காற்சட்டைப் பைகள் கிழியாதிருக்க அவற்றின் மூலைகளில் செப்பு ரிவெட்டுகளை அடித்தார். இதற்கான காப்புரிமையை அவரும் துணி வணிகர் லெவி இசுட்ராசும் 1873 மே 20 அன்று பெற்றனர்.

இந்தியாவில் அரவிந்த் மில்ஸ் நிறுவனம் 1995 இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்னும் பெயரில் தைக்கப்படாத ஜீன்ஸ் தொகுப்பை அறிமுகப்படுத்தியது. டெனிம் துணி, ஜிப், ரிவெட்டுகள், பெயர்ப்பட்டை ஆகியவை அடங்கிய இத்தொகுப்பின் விலை 195 ரூபாய். தைக்கும் வேலை சிற்றூர்த் தையற்காரர்களிடம் விடப்பட்டது. ஆயத்த ஜீன்ஸ் வாங்க இயலாதவர்களையும் இது எட்டியது. கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி. கே. பிரகலாத், இசுடூவர்ட் ஆர்ட் என்பவருடன் 2002 இல் எழுதிய கட்டுரையில் இதனை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டுள்ளார்.

துணியின் தன்மை

டெனிம் சாய்வரி நெசவுத் துணி ஆகும். பொதுவாக இதன் பாவு நூல் அவுரி நீலச் சாயம் ஏற்றப்பட்டது. ஊடை நூல் வெள்ளை. இதன் எடை ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்சு எனக் குறிக்கப்படுகிறது. ஓர் அவுன்சு என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 34 கிராம். ஜீன்சுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 அவுன்சு துணி பயன்படுகிறது. வீட்டு இயந்திரத்தில் முதன்முறை தைப்பவர்களுக்கு 10 அவுன்சு அளவிலான துணி ஏற்றது.

துணியைக் காட்டிலும் அதன் மடிப்புகளே இயந்திரத்துக்குச் சோதனை. ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தைக்கும் மூட்டில் நான்கு படைகள் உள்ளன. அம்மூட்டின் மீது கால்பட்டியை இருமுறை மடிக்கும்போது அவ்விடத்தில் பன்னிரண்டு படைகள் சேர்கின்றன. ஊசி முறிவதும் தையல் விட்டுப்போவதும் பெரும்பாலும் இங்குதான். மூட்டின் உட்புறத் துணியைச் சிறிது வெட்டிக் குறைத்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினால் ஊசி எளிதாக இறங்கும்.

தையல் இயந்திரம்

பல வீடுகளில் காணப்படும், காலால் மிதிக்கும் வார்ப்பிரும்பு இயந்திரம் இவ்வேலைக்குப் பொருந்தும். எடை மிகுந்திருப்பதால் அது அதிராது, மெதுவாகவும் இயக்கலாம். எடை குறைந்த சிறு மின் இயந்திரங்கள் தடித்த மூட்டுகளில் திணறக்கூடும். அத்தகைய இடங்களில் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கைச்சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொரு தையலாக இறக்குதல் வேண்டும்.

தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வீட்டில் பின்வருமாறு மாற்று காணலாம்:

* இரட்டைத் தையல் இயந்திரம்: ஒற்றை ஊசியால் இணையாக இரண்டு முறை தைத்தல்.
* ஓவர்லாக்: மூட்டை மடித்துத் தைத்துத் துணி ஓரத்தை உள்ளே மறைத்தல்.
* பைமூலைகளை இறுக்கும் இயந்திரம்: நெருக்கமான வளைவுத் தையல், அல்லது முன்னும் பின்னுமாகப் பலமுறை தைத்தல்.
* காஜா இயந்திரம்: கையால் காஜா எடுத்தல்.
* ரிவெட் அழுத்தி: சுத்தியலும் கெட்டியான இரும்புத் தளமும்.

ஊசியும் நூலும்

சட்டைத் துணிக்குப் பயன்படும் ஊசி டெனிமில் வளைந்து முறியும். 16 அல்லது 18 ஆம் எண் ஊசி தேவை. இவற்றின் தடிமன் முறையே 1.0, 1.1 மில்லிமீட்டர். டெனிமுக்கென்றே கூர்மையான முனையும் உறுதியான தண்டும் கொண்ட ஊசிகள் கிடைக்கின்றன. மூட்டுகளை இணைக்க வலுவான பாலியெசுத்தர் நூல் போதும். வெளியில் தெரியும் தையலுக்குத் தடித்த நூலை மேலே மட்டும் கோத்து, பாபினில் சாதாரண நூலை இடுவது வழக்கம். இத்தையலின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்.

பிற கருவிகள்

* அளவு நாடா, அளவுகோல், சுண்ணக்கட்டி.
* துணிக்கென்றே ஒதுக்கப்பட்ட பெரிய கத்தரிக்கோல்.
* தையல் பிரிப்பான்.
* இசுதிரிப் பெட்டி: ஒவ்வொரு மூட்டையும் தைத்தவுடன் அழுத்த.
* துளையிடும் ஊசி: ரிவெட்டுக்கும் உலோகப் பொத்தானுக்கும் துளை இட.
* வெட்டுக்குறடு: ரிவெட்டின் ஆணி துணிக்கு மேல் 3 மில்லிமீட்டர் அளவே நிற்குமாறு நறுக்க. நறுக்கும்போது துண்டு தெறிக்குமாதலால் கண்ணாடி அணிதல் நல்லது.
* மடித்த அட்டைத் துண்டு: தடித்த மூட்டில் ஏறும்போது இயந்திரக் காலின் பின்புறம் வைத்து மட்டப்படுத்த.

வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை துவைத்து உலர்த்துதல் இன்றியமையாதது. இல்லையெனில் முதல் சலவையிலேயே ஆடை சுருங்கி, உழைப்பு முழுவதும் வீணாகும். தைத்து முடித்தபின் இயந்திரத்தில் சேரும் பஞ்சுத் தூசியை நீக்கி எண்ணெய் இட வேண்டும்.

திருவள்ளூர் வட்டாரத்தில்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இரு ஊர்களும் சென்னைப் புறநகர்த் தொடர்வண்டித் தடங்களில் அமைந்துள்ளன. இரு தடங்களிலும் சென்னை சென்ட்ரலை அடையலாம். அதற்கு அருகிலுள்ள ஜார்ஜ் டவுனின் கோடவுன் தெரு, துணி மொத்த வணிகத்துக்குப் பெயர் பெற்றது.

கணவரை இழந்தோர், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசின் சமூகநலத் துறை செயல்படுத்துகிறது. இதற்குத் தையல் பயிற்சிச் சான்றிதழ் தேவை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இது குறித்து அறியலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் அணியும் தடித்த வேலையுடைகளைத் தைக்கவும் பழுதுபார்க்கவும் மேற்கூறிய ஊசி, நூல், இயந்திர முறைகளே பயன்படும்.

இவற்றையும் பார்க்க

* டெனிம்
* தையல் இயந்திரம்
* அவுரி