இடையில் நின்றவர்கள்: மருத்துவருக்குச் செய்தி சென்ற வழியின் வரலாறு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு மருத்துவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமானால், அது பெரும்பாலும் இன்னொரு மனிதரின் காதையும் கையையும் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. தொலைபேசி இணைப்பகத்தின் ஆபரேட்டர், வார்டின் மூத்த செவிலியர், மருத்துவரின் செயலர் ஆகியோர், எதை உடனே சொல்ல வேண்டும், எது மாலைச் சுற்று வரை காத்திருக்கலாம், எதைத் தாங்களே முடித்துவிடலாம் என்று நாள்தோறும் தீர்மானித்து வந்தனர். இந்தச் சலிப்பு வேலைக்கு, அதாவது வந்ததைச் சல்லடையில் இட்டுத் தேவையானதை மட்டும் மேலே அனுப்பும் வேலைக்கு, தனிப் பெயர் ஏதும் இருக்கவில்லை. இன்று அமெரிக்க மருத்துவர்களை அழுத்தும் மின்னஞ்சல் சுமையின் வரலாறு, பெயரில்லாத இந்த வேலை படிப்படியாக மறைந்ததன் வரலாறுதான்.

பேஜர் எனப்படும் அழைப்புக் கருவி அந்த மனிதர்களை உடனே அகற்றிவிடவில்லை. 1950இல் நியூயார்க் நகரப் பகுதி மருத்துவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பேஜர் சேவையில், மாதம் 12 டாலர் கட்டணத்தில், சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு கருவியை மருத்துவர் உடன் எடுத்துச் சென்றார். ஒற்றைக் கோபுரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் அவர் எங்கிருந்தாலும் அழைப்பு எட்டியது. அழைப்பு வந்திருக்கிறது என்று தெரிந்ததும், அவர் தொலைபேசியைத் தேடிச் சென்று, பதில் சேவை மையத்தில் இருந்தவரிடம் விவரம் கேட்டுக்கொண்டார். 1956இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மல்டிடோன் நிறுவனம் இத்தகைய அமைப்பை நிறுவியபோதும், ஒருவரை அழைப்பதற்கு இன்னொருவர் நேரம் செலவிட்டே ஆக வேண்டும் என்ற நிலை மாறவில்லை. அனுப்புபவரும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்ததால், அனுப்பப்பட்டவற்றின் எண்ணிக்கை தானாகவே கட்டுக்குள் இருந்தது.

மருத்துவரின் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அளந்து காட்டிய முதன்மையான ஆய்வு 1976இல் வெளிவந்தது. இண்டியானாபொலிஸ் நகரின் ரீஜன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தைச் சேர்ந்த கிளமென்ட் மெக்டொனால்ட், ஒன்பது மருத்துவர்களின் நோயாளிகளைப் பற்றிய தரவுகளைக் கணினியில் இட்டு, 390 விதிகளின்படி அவற்றை ஆராயச் செய்தார். உயர்ந்துவிட்ட இரத்த அழுத்தம், மருந்தினால் கல்லீரலுக்கு நேரும் பாதிப்பு போன்றவை தென்பட்டால், கணினி அந்த மருத்துவருக்கு ஒரு நினைவூட்டலைத் தந்தது. நினைவூட்டல் பெற்றபோது மருத்துவர்கள் 51 சதவீத நிகழ்வுகளுக்கு நடவடிக்கை எடுத்தனர். பெறாதபோது 22 சதவீதத்துக்கே எடுத்தனர். மேற்பயிற்சியில் ஒருவர் எத்தனை ஆண்டு கடந்திருந்தார் என்பதால் இந்த வேறுபாடு மாறவில்லை. ஆகவே தவறுகளில் பல அறியாமையாலோ அலட்சியத்தாலோ நேர்ந்தவை அல்ல, இவ்வளவு தகவலை ஒரு மனித மூளை ஒரே நேரத்தில் கையாள இயலாததால் நேர்ந்தவை என்று மெக்டொனால்ட் முடிவு செய்தார். இந்த முடிவு பின்வந்த தலைமுறைக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது என்பதே வருத்தத்துக்குரிய செய்தி. நினைவூட்டல் பயனளிக்கும் என்பது நிலைத்தது. தகவலைத் தாங்கும் ஆற்றலுக்கு அளவுண்டு என்பது மறக்கப்பட்டது.

மின்னஞ்சல் மருத்துவத்துக்குள் நுழைந்தபோது அந்த அளவை மறக்காதவர்களும் இருந்தனர். 1998இல் அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்தின் சார்பில் பெவர்லி கேன், டேனியல் சாண்ட்ஸ் ஆகிய இருவரும் நோயாளியுடன் மின்னஞ்சலில் உரையாடுவதற்கான நெறிகளை வெளியிட்டனர். எத்தனை நாளில் பதில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவசரத்துக்கு மின்னஞ்சல் கூடாது, மருந்துச் சீட்டா, சந்திப்பு நேரமா, மருத்துவ ஆலோசனையா என்பதைத் தலைப்பு வரியிலேயே நோயாளி குறிப்பிட வேண்டும், மருத்துவரைத் தவிர வேறு யார் அதைப் படிப்பார்கள் என்பதும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பன அந்நெறிகளுள் சில. பழைய செயலரும் செவிலியரும் செய்துவந்த சலிப்பு வேலையை எழுத்தில் காப்பாற்றிவைக்கும் முயற்சியாகவே இந்நெறிகளைக் கொள்ள வேண்டும்.

பெரிய மாற்றம் 2009இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஹைடெக் சட்டத்தால் வந்தது. காகிதக் கேஸ் ஷீட்டை விட்டு மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் அச்சட்டம் பல நூறு கோடி டாலர் ஊக்கத்தொகை வழங்கியது. 2008இல் அடிப்படைப் பதிவேடு வைத்திருந்த அமெரிக்க மருத்துவமனைகள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2015இல் அவை ஐந்தில் நான்கைத் தாண்டிவிட்டன. பதிவேட்டோடு கூடவே அதற்குள் ஓர் இன்பாக்ஸும் வந்தது. ஆய்வகத்தில் ஒரு பரிசோதனை முடிந்தால் அதில் ஒரு வரி தோன்றும்; சிறப்பு மருத்துவர் குறிப்பு எழுதினால் ஒரு வரி; மருந்துக்கடை மறுநிரப்பு கேட்டால் ஒரு வரி; நோயாளி அவசரப் பிரிவுக்குப் போனாலும், வீடு திரும்பினாலும் தனித்தனி வரி. ஒவ்வொன்றையும் மருத்துவர் திறந்து, படித்து, ஒப்புக்கொண்டு மூடியாக வேண்டும். இவற்றுள் பலவற்றை எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதவில்லை, விதிப்படி இயந்திரமே எழுதியது என்பதால், அனுப்புவதற்கு யாருடைய நேரமும் செலவாகவில்லை. படிப்பவரின் நேரம் மட்டுமே செலவானது.

விளைவுகள் விரைவில் அளக்கப்பட்டன. முன்னாள் படைவீரர் மருத்துவத் துறையின் முதல்நிலை மருத்துவர்களிடம் ஹர்தீப் சிங் குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மருத்துவர்கள் நாளொன்றுக்கு வருவதாகச் சொன்ன அறிவிப்புகளின் இடைநிலை எண் 63. முக்கியமான பரிசோதனை முடிவைத் தாமே தவறவிட்டு, அதனால் சிகிச்சை தாமதமானதாக ஏறத்தாழ 30 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டனர். 1976இல் தவறைக் குறைக்க வந்த நினைவூட்டலே, அளவு கடந்தபோது தவறுக்குக் காரணமாயிற்று. விஸ்கான்சினின் குடும்ப மருத்துவர்களைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, 11.4 மணி நேர வேலைநாளில் 5.9 மணி நேரம் பதிவேட்டிலேயே கழிந்ததையும், அதில் 1.4 மணி நேரம் பணிநேரத்துக்குப் பின் செய்யப்பட்டதையும் காட்டியது. இரவு உடையில் செய்யும் வேலை என்பதால் மருத்துவர்கள் அதற்கு ‘பைஜாமா நேரம்’ என்று பெயரிட்டனர்.

இச்சுமைக்கு நோயாளிகளின் கேள்விகளே காரணம் என்ற எண்ணத்தை 2019இல் மிங் தாய்-சீல் குழுவினர் கலிஃபோர்னியாவில் செய்த ஆய்வு தகர்த்தது. வாரத்துக்குச் சராசரியாக வந்த 243 செய்திகளில் 114ஐப் பதிவேட்டின் விதிமுறைகளே உருவாக்கியிருந்தன. நோயாளிகளிடமிருந்து வந்தவை 30 மட்டுமே. இயந்திரச் செய்திகளைச் சராசரியைவிட அதிகமாகப் பெற்றவர்களிடம் தொழில்சோர்வு, அதாவது நீண்டகாலப் பணி அழுத்தத்தால் மனமும் உடலும் வறண்டுபோகும் நிலை, கூடுதலாகக் காணப்பட்டது. மின்னணுக் கருவிகளோடு பழகும் முறையால் ஒருவருக்கு அமையும் நலத்தை எண்ணிம நலம் என்பர். மருத்துவரின் எண்ணிம நலத்தை அவருடைய தனிப்பட்ட மனவுறுதியிலும் தியானப் பயிற்சியிலும் மட்டும் தேடுவது நியாயமல்ல என்பதற்கு இந்த எண்களைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

நியாயமான வழியை ஹவாய் பசிபிக் ஹெல்த் என்னும் மருத்துவமனைக் குழுமம் 2017இல் மேற்கொண்டது. மெலிண்டா ஆஷ்டன் என்னும் மருத்துவரின் தலைமையில், பதிவேட்டில் பொருளற்றதாகத் தோன்றும் எதையும் சுட்டிக்காட்டுமாறு ஊழியர்கள் அனைவரும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். வளரிளம் பருவத்தினரையும் பெரியவர்களையும் கவனித்துவந்த செவிலியர் ஒருவர், பச்சிளங்குழந்தையின் தொப்புள்கொடியைப் பற்றிய வரி தம் நோயாளிகளின் உடற்பரிசோதனைப் படிவத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்டார், அது நீக்கப்பட்டது. மணிக்கொருமுறை நோயாளியைப் பார்த்துவந்ததைப் பதிவு செய்யத் தேவைப்பட்ட சில சொடுக்குகள் நீக்கப்பட்டதில் மட்டும், நான்கு மருத்துவமனைகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 செவிலியர் பணிநேரம் மிச்சமானது.

பிறகு கோவிட் காலம் வந்து, நோயாளிகள் அனுப்பும் செய்திகள் ஒன்றரை மடங்கைத் தாண்டின. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கூட்டரசு விதியால், பரிசோதனை முடிவுகள் பல வேளைகளில் மருத்துவர் பார்க்கும் முன்பே நோயாளியின் கைக்கு எட்டின. 2023இல் சில மருத்துவமனைகள், பதிலின் வரைவைச் செயற்கை நுண்ணறிவே எழுதித்தரும் வசதியைச் சோதிக்கத் தொடங்கின. அதே தாய்-சீல், சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து 2024இல் அதன் விளைவை வெளியிட்டார்: பதில் எழுதும் நேரம் குறையவில்லை, பதில்களின் நீளம் 18 சதவீத அளவுக்குக் கூடியது, மருத்துவர்கள் செய்தியைப் படிப்பதற்குச் செலவிட்ட நேரம் ஏறத்தாழ 22 சதவீதம் உயர்ந்தது, ஏனெனில் நோயாளி எழுதியதோடு இயந்திரம் எழுதியதையும் அவர்களே படித்துப் பார்க்க வேண்டியிருந்தது.