பறையை மேடைக்குக் கொண்டுவந்த கே.ஏ. குணசேகரன்

இந்த வாரமும் கொஞ்சம் நீளமாகத்தான் வந்துவிட்டது. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

லீவுக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். கிட்டார் படிக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து போனில் பாப் டிலன் பாட்டைப் போட்டுக் காட்டினான். எனக்கு இங்கிலீஷ் பாட்டு பாதி புரியும், பாதி புரியாது. அவனே விளக்கிச் சொன்னான். பிறகு கேட்டான், "ஆச்சி, கிராமத்து மெட்டுல பாடியே ஒரு நாட்டை யோசிக்க வச்சிருக்காரு. நம்ம பக்கம் இப்படி யாராச்சும் உண்டா?"

"ஏன் இல்லாம? கே.ஏ. குணசேகரன்" என்றேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை என்றான். உங்களிலும் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வகுப்பில் நான் சொல்லித்தராத பாடம் இது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

குணசேகரன் பிறந்தது 1955ஆம் ஆண்டு மே மாதம். ஊர், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடிக்குப் பக்கத்திலுள்ள மாரந்தை. வானம் பார்த்த பூமி. நம்ம தேரிக்காடு போலவே மழை வந்தால்தான் பிழைப்பு. தலித் குடும்பம், வறுமை. அதற்குள்ளிருந்து படித்து மேலே வந்தார். நாட்டுப்புறக் கலைகளை ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். (சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம தூத்துக்குடி காட்டுநாயக்கன்பட்டிக்காரர். 1867இல் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். நாடக உலகத்துக்கே ஆசான்.) பின்னாளில் சென்னையிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் குணசேகரன் இருந்தார்.

இவ்வளவு பதவிகள் இருந்தும் ஜனங்களுக்கு அவர் பாட்டுக்காரர்தான். 'தன்னானே' என்று ஒரு கலைக்குழு வைத்து ஊர் ஊராகப் பாடினார். பெயரே ஒரு சேதி. நாற்று நடும்போதும் கும்மி கொட்டும்போதும் நம் பெண்கள் இழுக்கும் ஓசைதான் அது. உடன்குடிப் பக்கம் விடிலியில் பதநீர் காய்ச்சும் பெண்களிடம் நானே சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அர்த்தமில்லாத சொல் என்று நாம் ஒதுக்கியதை அவர் குழுவுக்கே பெயராக வைத்தார்.

நாட்டுப்பாட்டைச் சேகரித்தவர்கள் அவருக்கு முன்பே உண்டு. நமக்கு மேற்கே இருக்கும் நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நம்ம ஜில்லாப் பாட்டுகளையும் கதைப்பாடல்களையும் திரட்டி அச்சில் ஏற்றினார். நம்ம கொடைகளில் வில்லுப்பாட்டாகக் கேட்கும் முத்துப்பட்டன் கதையையும் அவர் பதிப்பித்திருக்கிறார். காற்றில் போயிருக்க வேண்டிய பாட்டுகள் அவரால் காகிதத்தில் தங்கின. குணசேகரன் அவற்றின் உறவான பாட்டுகளை மறுபடி தொண்டைக்கும் தோலுக்கும் கொண்டுவந்தார். தோல் என்று நான் சொல்வது பறையை.

இங்கேதான் பேரனிடம் ஒரு வித்தியாசத்தைச் சொன்னேன். டிலன் 1965இல் நியூபோர்ட் என்ற ஊரில் நடந்த நாட்டுப்பாட்டு விழாவில் மின்சாரக் கிட்டாரோடு ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. புதிய வாத்தியம் வந்தால் பழைய பாட்டு கெட்டுவிடும் என்று அவர்களுக்குக் கோபம். நம் ஊர்க் கதை தலைகீழ். இங்கே மேடைக்கு ஆகாது என்று தள்ளி வைத்தது இருப்பதிலேயே பழைய வாத்தியத்தை. கொடைக்குப் பறை வேண்டும், சாவுக்குப் பறை வேண்டும். அடிக்கிறவர் மட்டும் தெருவோரமாக நிற்க வேண்டும். அந்தப் பறையை மைக்குக்கு முன்னால், மேடை நடுவில் வைத்துப் பாடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் குரலில் ஊரெங்கும் பரவிய பாட்டு 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரைக்காரர், சாகுல் அமீது என்பது இயற்பெயர். சென்னை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். 1968 டிசம்பர் 25ஆம் தேதி தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்தக் கொடுமையை நெஞ்சில் வைத்து எழுந்த பாட்டு அது. வரிகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. தேடிக் கேளுங்கள், அவர் குரலிலேயே கேளுங்கள். 'நாங்களும் மனிதர்கள்' என்று ஒருவர் பாடித்தான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் உங்களுக்கு வரும். எனக்கு வந்தது.

எப்போது வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1983இல் பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் உட்காரும் நேரம். கடைசி வரிசையில் ஒரு பையன் பலகையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். வலது கை ஒரு நடை, இடது கை வேறு நடை. அப்படி ஒரு சுத்தம். சுற்றி இருந்த பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு இருந்தார்கள். அவன் அப்பா பறையடிப்பவர் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? "ஏல, ஒங்க வீட்டுத் தொழில இங்க காட்டாத" என்றேன்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். அந்த வருஷம் முழுக்க அந்தக் கை பலகைக்கு வரவே இல்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தது ஞாபகம் இருக்கும். பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ராத்திரி ராத்திரியாகத் தெருத்தெருவாகப் போனோம். பாட்டுப் போட்டால்தான் ஆள் கூடும். கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் கேசட் ஒன்று கொண்டுவந்து போட்டார். அப்படித்தான் முதன்முதலாகக் குணசேகரன் குரலைக் கேட்டேன். கரகரத்த, அடிவயிற்றிலிருந்து எழும்பும் குரல். அதற்குப் பின்னால் பறை. அந்த இரட்டை நடை எனக்குத் தெரிந்த நடை. எங்கே கேட்டோம் என்று யோசித்தேன். கடைசி வரிசைப் பலகை ஞாபகத்துக்கு வந்தது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2005இல் அவருடைய தன்வரலாறு 'வடு' வெளிவந்தது. சில வருஷம் கழித்து வாங்கிப் படித்தேன். சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். பக்கத்து இளையான்குடியில் முஸ்லிம் ஜனங்கள் சமமாகப் பழகியதையும், சொந்தக் கிராமத்தில் அந்த மரியாதை கிடைக்காததையும் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காக எல்லார் முன்னாலும் சாதியைக் கேட்கும்போது பிள்ளை மனது எப்படிக் கூசும் என்பதும் அதில் இருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உதவித்தொகைப் பட்டியலை எத்தனை வருஷம் சத்தமாக வாசித்திருக்கிறேன். சர்க்கார் கொடுக்கும் பணம்தானே, இதில் என்ன என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அந்தப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். ஒரு புத்தகம் எனக்குச் செய்த உதவி அது.

அவர் பாட்டோடு நிற்கவில்லை. 'பலியாடுகள்' என்ற நாடகம் எழுதினார். தமிழின் முதல் தலித் நாடகம் என்று அதைப் பலர் சொல்வார்கள். நாட்டுப்புறவியல் என்ற பொதுப் பெயருக்குள் சேரி மக்களின் கலை மறைந்துபோகிறது என்று நினைத்து, 'சேரிப்புறவியல்' என்றே ஒரு நூல் எழுதினார். இளையராஜாவின் இசையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பாடுகிறவர், எழுதுகிறவர், ஆராய்ச்சி செய்கிறவர், சொல்லிக்கொடுக்கிறவர் என்று நான்கும் ஒரே ஆளாக இருப்பது லேசில் அமையாது.

2016 ஜனவரி 17ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். வயது 60தான். அதே வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி இன்குலாபும் போய்ச் சேர்ந்தார். பாட்டை எழுதியவரும் பாடியவரும் ஒரே வருஷத்தில். இடையில், அக்டோபரில், டிலனுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மறு வருஷம் இன்குலாபுக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவித்தபோது, அவர் குடும்பத்தார் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். அதே 2017இல் அம்ஷன் குமார் எடுத்த படத்துக்கு 'மனுசங்கடா' என்றே பெயர்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித் முன்னின்று அமைத்த குழு. கிட்டாரும் டிரம்ஸும் பறையும் கானாவும் சேர்ந்து வந்தன. அந்தக் குழுவில் பாடிய அறிவின் 'என்ஜாய் என்சாமி' 2021இல் வந்து உலகமெல்லாம் சுற்றியது. "இது எனக்குத் தெரியுமே ஆச்சி!" என்று பேரன் துள்ளினான். "தெரியும்ல? அந்த மேடைக்குப் பலகை போட்டவங்கள்ல ஒருத்தர்தான் குணசேகரன்" என்றேன்.

அன்று சாயங்காலம் அவனுக்கு 'மனுசங்கடா'வைப் போட்டுக் காட்டினேன். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அதன் முதுகுப் பலகையில் விரலால் தட்டிப் பார்த்தான். அந்த நடை அவனுக்கு லேசில் வரவில்லை. "கஷ்டமா இருக்கு ஆச்சி" என்றான். பத்து வயதில் ஒரு பையன் அதை அனாயாசமாகத் தட்டியதைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். "அவரு இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

அந்த மாணவனின் பெயரை இங்கே போடவில்லை. இதை நீ படித்தால் உனக்கே தெரியும், கண்ணு. அன்று தப்பு செய்தது உன் கை இல்லை, என் வாய்தான். நாற்பது வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துக்கொள். முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. என் பேரனுக்கு அந்த நடையைச் சொல்லிக்கொடு.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு, ஒப்பாரி, வேலைப்பாட்டு எதுவானாலும் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். யார் பாடியது, எந்த ஊர், எந்த வேலைக்குப் பாடியது என்று மறக்காமல் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது எனக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
சாத்தான்குளம்.