பாவா ஆதம் மலைக்கு இப்னு பதூதா சென்ற வழி

மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, ஹிஜ்ரி 745இல் (1344) மஃபர் நோக்கிப் புறப்பட்டார். கப்பல் திசைமாறிப் புத்தளத்தை அடைந்தது. அங்கு ஆட்சி செலுத்திய ஆரியச் சக்கரவர்த்தி பார்சி மொழி அறிந்தவர். வேண்டுவதைக் கேட்குமாறு அவர் கூறியபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவட்டை ஸியாரத் செய்வதொன்றே தம் நாட்டம் என்றார் பயணி. மன்னர் பல்லக்கு ஒன்றையும், நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் பரிவாரத்தினர் பதின்மர், சுமை தூக்குவோர் பதினைவர் ஆகியோரையும் உடனனுப்பினார்.

முதல்நாள் ஓர் ஆற்றை மூங்கில் தெப்பத்தில் கடந்தனர். பின்னர் சிலாபம் வழியாக, நீர்நிலைகளும் யானைகளும் மிகுந்த கரடுமுரடான காட்டுவழியில் நடந்து குனகார் என்னும் தலைநகரை அடைந்தனர். இந்நகரைக் குருநாகல் என்பாரும் கம்பளை என்பாரும் உளர். ஈரக்காட்டில் மனிதர்மேல் தாவும் அட்டைகளையும், எலுமிச்சைச் சாறு பிழிந்து அவற்றை விழச்செய்யும் முறையையும் ‘ரிஹ்லா’ விவரிக்கிறது. மலையேறுவோர் பற்றிச் செல்லப் பத்து இரும்புச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவதன் பெயர் ஷஹாதாச் சங்கிலி; அங்கிருந்து கீழே நோக்குவோர் அச்சத்தால் கலிமா மொழிவராம். அதற்கப்பால் ஹிழ்ர் (அலை) பெயரால் வழங்கும் குகையில் மூன்று நாட்கள் தங்கி, காலையும் மாலையும் சுவட்டைக் காணச் செல்வது வழக்கம்.

இவ்வழியைத் திறந்தவராக இப்னு பதூதா குறிப்பிடுபவர் ஷீராஸின் ஷெய்கு இப்னு கஃபீஃப் (ரஹ்). பசியால் யானைக்கன்றைக் கொன்று உண்ட தோழர்களை யானைகள் கொன்றன. உண்ண மறுத்த ஷெய்கை ஒரு யானை முதுகில் ஏற்றி ஊர்சேர்த்தது என்பது அவர் கேட்டெழுதிய செய்தி. அதற்குமுன் முஸ்லிம்களைத் தடுத்துத் துன்புறுத்திய மக்கள், அதன்பின் அவர்களைத் தம் இல்லங்களில் தங்கவைத்து உணவளித்தனர் என்றும் அவர் எழுதுகிறார்.

ஆதம் (அலை) இறங்கிய இடத்தைத் திருக்குர்ஆன் பெயரிட்டுக் கூறவில்லை. ஸரந்தீப் என்பது தஃப்ஸீர், வரலாற்று நூல்களில் காணப்படும் ரிவாயத்துகளில் ஒன்று. அதனை அகீதாவின் பகுதியாக்குவதற்கில்லை. வல்லாஹு அஃலம். அதே சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையதாகவும் இந்துக்கள் சிவபெருமானுடையதாகவும் போற்றுகின்றனர். சுவடு எவருடையது என வாதிடுவோர் ‘ரிஹ்லா’வின் இப்பக்கங்களை மீண்டும் படித்தல் நலம். ஒரு முஸ்லிம் காஜியின் ஸியாரத்துக்கு இந்து மன்னர் வழிச்செலவு ஏற்க, யோகிகளும் பிராமணர்களும் உடன் நடந்தனர். ரிவாயத்தின் வலிமை குறித்துக் கருத்து வேறுபடலாம். இவ்வழித்துணை, நடந்து சென்றவரே சொல்லிப் பதிவான சாட்சியம்.